அடி முடிந்தும் வசனம் முடியாததற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கு முன்)

கிளிநொச்சி, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமைக் கவிதை வகுப்புக்கான கைநூலை வெள்ளி பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுக்க வேண்டும். பத்துப் பக்கம். உவமை, உருவகம், மோனை, எதுகை, முரண், சிலேடை எல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்த சொற்கள், அவற்றில் தடங்கல் இல்லை. ஒரே ஓர் இடத்தில் நிற்கிறேன். ஆங்கிலக் கையேடுகளில் என்ஜாம்ப்மென்ட் என்று இருப்பது. வரி முடிந்துவிடும், வசனம் முடியாமல் அடுத்த வரிக்குள் போகும்.

பேசாமல் விட்டுவிட்டுப் போயிருப்பேன். போன கிழமை, ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிற ஒரு பிள்ளை இப்படி இரண்டு வரி எழுதினாள்:

அப்பா வரவில்லை
என்று யாரும் இன்னும் சொல்லவில்லை

வாசித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு பின் வாங்கில் இருந்த பெடியன் ஒருவன், "ரீச்சர், அவள் அந்த 'என்று'வைக் கீழே போட்டாளே, அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டான். என்னிடம் பெயர் இல்லை. சனிக்கிழமை அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். வவுனியா ஐயாவும் மற்றவர்களும் உதவுங்கள்.

வவுனியா, செவ்வாய் காலை

பிள்ளைக்கு,

இது நமக்குப் புதிது என்று மட்டும் கைநூலில் எழுதிவிட வேண்டாம். திருக்குறள் தொடங்குவதே இதில்தான். 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி' என்று முதலடி முடிகிறது, 'பகவன்' அடுத்த அடியில் இருக்கிறான். இரண்டாம் குறளில் 'வாலறிவன்' மேலே, 'நற்றாள்' கீழே. மூன்றாம் குறளில் 'நீடுவாழ் வார்' என்று வருவது வேறு, அது வகையுளி. சீர் அளவுக்காகச் சொல் பிளப்பது வகையுளி, அடியின் கடைசியில் பொருள் நில்லாமல் போவதுதான் நீங்கள் கேட்பது. படிப்பிக்கிற பலர் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறார்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். செய்யுளின் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறை பொருள்கோள், நன்னூலில் அது எட்டு. முதலாவது யாற்றுநீர்:

மற்றைய நோக்கா தடிதொறும் வான்பொருள்
அற்றற் றொழுகுமஃ தியாற்றுப் புனலே

அடிதோறும் பொருள் அற்று, மீண்டும் அற்று, ஒழுகும். ஒவ்வோர் அடியும் தன் பொருளை முடித்துக்கொண்டே மேலே செல்லும். ஆறு என்ற பெயரைப் பார்த்து இதுவே நமக்கு வேண்டியது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது நேர் எதிர். ஆகவே எதிர்ச்சொல்லை நன்னூல் செய்த பவணந்தியாரே தந்துவிட்டார். அது அற்றொழுக்கு என்றால் நீங்கள் கேட்பது அறாவொழுக்கு. சோடியாகக் கிடைக்கிறது. நல்ல கலைச்சொல் தன் எதிரையும் கையோடு கூட்டி வர வேண்டும்.

தண்டியலங்காரத்தில் குளகம் என்று ஒன்றுண்டு, பல பாட்டு ஒரே வினையைக் கொண்டு முடிவது. அது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் நடப்பது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மாங்குளம், செவ்வாய் மதியம்

ஐயா, அறாவொழுக்கு வடிவான சொல். ஆனால் இங்கே ஒழுக்கு என்றால் கூரை ஒழுக்கு. தகரக் கொட்டிலுக்குள் சட்டி வைத்து மழை பிடித்து வளர்ந்த பிள்ளைகள் அறாவொழுக்கு என்றால் கவிதையை நினைக்கமாட்டார்கள், அந்த இரவுகளைத்தான் நினைப்பார்கள்.

எழுதுகிற நாங்கள் எங்களுக்குள் 'வரி உடைப்பு' என்றே கதைக்கிறோம். நம் ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி யாப்புப் பிசகாமல் எழுதிய பாட்டையே அச்சில் பேச்சின் நிறுத்தத்துக்கு ஏற்ப உடைத்துப் போட்டவர். அவர் செய்ததைச் சொல்ல இந்தச் சொல் போதும் என்றால் எங்கள் பிள்ளைகள் செய்வதற்கும் போதும்.

ஒட்டுசுட்டான், செவ்வாய் பின்னேரம்

தங்கச்சி, உடைப்பு மட்டும் வேண்டாம். நீர்ப்பாசன வேலையில் முப்பது வருடம் இருந்தவன் சொல்கிறேன். உடைப்பு என்றால் கட்டு போய்விட்டது என்று அர்த்தம். நடுச்சாமத்தில் மண்மூட்டையோடு ஓடுகிற வேலை அது, யாரும் விரும்பிச் செய்வதில்லை.

குளத்தில் விரும்பிச் செய்து வைப்பது வான். அணைக்கட்டின் உச்சியைவிடத் தாழ்வாக ஓர் இடத்தை அளந்து கட்டி, 'இந்த மட்டத்துக்கு மேலே வந்தால் இதால் போ' என்று தண்ணீருக்கு வழி வைப்பது. மாரி மழைக்குக் குளம் நிறைந்து வான் பாயுது என்றால் சனம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போகும். கவிதை வரியும் இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. எழுதுகிறவர் ஒரு மட்டம் வைக்கிறார். பொருள் அந்த மட்டத்துக்கு மேலே எழும்பி அடுத்த வரிக்குள் விழுகிறது. விழுகிற இடத்தில் சத்தம் மாறும். வானடியில் நின்று கேட்டவர்களுக்கு அது தெரியும்.

ஆகவே 'வான்பாய்தல்'. கிளிநொச்சிப் பிள்ளைகளுக்கு இரணைமடுக் குளத்தைக் கையால் காட்டினால் பாடம் முடிந்தது.

ஐயா, அந்தக் குளகம் என்பது குளத்தின் அகமோ? பல பாட்டும் ஒரே கட்டுக்குள் நிற்பதால் வந்ததோ?

வவுனியா, செவ்வாய் இரவு

தம்பி, குளகம் வடமொழிச் சொல், நம் குளத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஆசைப்பட்டுச் சொல்லின் வேரை நம் ஊருக்கு இழுத்து வரக் கூடாது.

ஆனால் உங்கள் வான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வான் என்றால் ஆகாயம், மழை, சிறப்பு. மேலே காட்டிய நூற்பாவில் 'வான்பொருள்' என்பது சிறந்த பொருள். குளத்து வான் எங்கிருந்து வந்தது? மழையின் மிகுதி வெளியேறும் வழி என்பதாலா? வாய், வாய்க்கால் என்ற குடும்பமா? வால் என்பதன் திரிபா, குளத்தின் கடைசி என்ற கருத்தில்? வால் என்றால் தூய்மையும் ஆகும், வாலறிவன் அப்படித்தான். ஆகாயம் நிரம்பி வழிகிற இடம் என்று எங்கள் முன்னோர் கண்டிருந்தால் அது எவ்வளவு பெரிய கற்பனை! நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன்.

தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கத்தில் இதையே மறுகால் பாய்தல் என்பர். கால் வாய்க்காலும் ஆகும், பாதமும் ஆகும். அடி என்பதும் பாதமே. ஓர் அடியிலிருந்து மறு கால் எடுத்து வைப்பது! வான்பாய்தலை விட மறுகால் எவ்வளவோ ஆழமானது. இன்னொன்றும் கேட்கிறேன். வான் பாய்ந்த தண்ணீர் வயலுக்கு வராது, கடலுக்குப் போகும். பொருள் அடுத்த அடிக்குப் போவது வீண்போவதா?

மொன்றியல் (சொந்த இடம் மல்லாவி), செவ்வாய் இரவு, எங்கள் நேரம்

மறுகால் என்ற சொல்லை வாசித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன் ஐயா. பிரெஞ்சுச் சொல்லுக்குள் இருப்பதும் கால்தான். ழாம்ப் என்றால் கால், ஆன்ழாம்பே என்றால் ஓடையைத் தாண்டுவது போல காலை எட்டி வைப்பது. அங்கே இதற்குப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. மலெர்ப் என்ற புலவர் வந்து பாட்டை ஒழுங்குபடுத்திய பிறகு ஒரு வரி மறு வரிக்கு மேலாகத் தாண்டத் துணியவில்லை என்று 1674இல் பொய்லோ புகழ்ந்து எழுதினார். 1830இல் விக்டர் யூகோவின் எர்னானி நாடகம் பாரிசில் மேடையேறியபோது, தொடக்கத்திலேயே 'படிக்கட்டு' ஒரு வரியிலும் அதற்கு அடையான 'மறைவான' அடுத்த வரியிலும் விழுந்ததற்கே கூச்சல் எழுந்தது. நமக்கு முதல் குறளிலேயே இயல்பாக இருந்த காரியம்.

என் விருப்பம் அடிகடத்தல். கடத்தல் என்றால் கடக்கச் செய்தல்.

கிளிநொச்சி, புதன் காலை

அண்ணா, அடிகடத்தலை நான் கரும்பலகையில் எழுதமாட்டேன். கடத்தல் என்ற சொல் இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் வேறொன்றுக்கு இருக்கிறது. அந்த இரண்டு வரிக்குப் பெயராக அதை எழுத என் கை போகாது.

மறுகால் என்ற சொல்லை அயலில் மூன்று பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வான் பாய்தல் மூன்று பேருக்கும் தெரிந்தது, ஆனால் கவிதையோடு ஏன் சேர்க்கிறேன் என்று கேட்டார்கள்.

மொன்றியல், புதன் காலை

மன்னித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. இவ்வளவு தூரத்தில் இருந்து எழுதும்போது சொல்லின் அகராதிப் பொருள்தான் முன்னுக்கு வந்து நிற்கிறது. அதை எடுத்துவிடுங்கள். அடிதாண்டல் என்று வைக்கலாமா?

மாங்குளம், புதன் இரவு

அடிதாண்டல் சரி. சொன்னவுடன் விளங்குது. முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைகளுக்குத் தாண்டல் என்றதும் எல்லை தாண்டிய மீன்பிடி நினைவுக்கு வரும். வரட்டும், அதுவும் ஒரு கோட்டைத் தாண்டுவதுதானே. வரி உடைப்பை நான் கைவிடுகிறேன். அண்ணை சொன்ன மண்மூட்டைக்குப் பிறகு அந்தச் சொல் எனக்கே வேறாகக் கேட்கிறது.

வவுனியா, வியாழன் காலை

சொன்னவுடன் விளங்குவதுதான் அளவுகோல் என்றால் தமிழில் புதிதாக ஒரு சொல்லும் பிறவாது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரியான கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது, அவர் வழங்கிய சொற்களை முதல் நாளே எந்த மாணவன் விளங்கியிருப்பான்? படித்தான், பழகினான், பிறகு விளங்கியது. அடிதாண்டல் தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நூற்பா இல்லை, ஓர் உரையாசிரியர் இல்லை. தாண்டாத அடியை என்ன என்று அழைப்பீர்கள்? தாண்டாவடியா?

மாங்குளம், வியாழன் மதியம்

ஐயா, அந்த மாணவருக்கு முன்னால் ஒரு தொழில் இருந்தது, கட்டாயம் படித்திருப்பார். எங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சையும் இல்லை, சான்றிதழும் இல்லை. கிரிக்கெட்டை விட்டுவிட்டு வருகிறார்கள். முதல் பக்கத்திலேயே கடினமான சொல்லைக் கண்டால் அடுத்த சனிக்கிழமை வரமாட்டார்கள். வராத பிள்ளைக்கு நன்னூலை யார் சொல்லிக் கொடுப்பது? தாண்டாத அடிக்கு 'நின்ற அடி' போதும்.

ஒட்டுசுட்டான், வியாழன் பின்னேரம்

ஐயா கேட்டதற்கு ஒரு பதில் சொல்லாமல் விட முடியாது. வான் தண்ணீர் எல்லாம் கடலுக்குப் போவதில்லை. வன்னியில் சின்னக் குளங்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகக் கிடக்கின்றன. மேல் குளத்து வான் கீழ்க் குளத்துக்கு வரத்து. மேலே உள்ளது நிறைந்தால்தான் சில குளங்களுக்குத் தண்ணீரே உண்டு. வரியும் வரிக்குக் கீழேதான் கிடக்கிறது.

நான் வான்பாய்தலிலேயே நிற்கிறேன்.

கிளிநொச்சி, வெள்ளி மதியம்

கடை நாலு மணிக்குப் பூட்டிவிடும். அடிதாண்டலுக்கு இரண்டு பேர், என்னோடு மூன்று. வான்பாய்தலுக்கு அண்ணை. ஐயா அறாவொழுக்கிலும் மறுகாலிலும் நிற்கிறார். தலைப்பில் அடிதாண்டல் என்று போட்டுவிட்டேன். கீழே விளக்கமாக, குளம் நிறைந்து வான் பாய்வது போல என்று அண்ணை எழுதியதை அப்படியே எடுத்திருக்கிறேன். உதாரணம் முதல் குறள். ஐயா தந்த நன்னூல் நூற்பா நின்ற அடிக்குக் கீழே இருக்கிறது. பக்கம் பதினொன்றாகி விட்டது.

கிளிநொச்சி, சனி இரவு

முதல் குறளை இரண்டு விதமாக வாசிக்கச் சொன்னேன், 'ஆதி'யில் நின்றும் நிற்காமலும். நிற்கக் கூடாது என்று பாதிப் பேர். ஒரு சொட்டு நேரம் நின்றால்தான் பகவன் பெரிதாக வருகிறான் என்று மற்றப் பாதி. அரை மணித்தியாலம் இதிலேயே போனது, நான் மறிக்கவில்லை.

பிறகு அந்தப் பெடியனிடம், "உன் கேள்விக்குப் பதில் அடிதாண்டல்" என்றேன். கைநூலைப் பார்த்துவிட்டு, "குறளில் தாண்டுது ரீச்சர். அவள் எழுதினது தாண்டேல்லை, திரும்பி மேலே போகுது" என்றான். அந்தப் பிள்ளை குனிந்து தன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

வவுனியா, ஞாயிறு காலை

பெடியன் சொன்னதுதான் சரி. நாம் ஐந்து நாள் ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடித்தோம், பொருள் இரண்டு என்பதை ஒருவரும் காணவில்லை, நானும் காணவில்லை.

'ஆதி' என்று முடிகிற அடி குறையாக நின்று அடுத்ததைக் கேட்கிறது. 'அப்பா வரவில்லை' குறையாக நிற்கவில்லை. முற்று வினையோடு முடிந்துவிட்டது, வாசிப்பவரும் முடிந்தது என்று ஏற்றுக்கொள்கிறார். பிறகு 'என்று' வந்து மேலே திரும்பிப் போய் முடிந்த வசனத்தைத் திறந்துவிடுகிறது. வினை கடைசியில் வருவதும், அதற்குப் பின்னால் 'என்று' ஒட்டுவதும் நம் மொழியின் நடை. என்ஜாம்ப்மென்ட் என்ற சொல்லுக்குள் இது அடங்குமோ அடங்காதோ, நமக்கு இதற்குத் தனிப் பெயர் வேண்டும்.

நன்னூலின் எட்டில் அளைமறிபாப்பு என்று ஒன்று உண்டு. புற்றுக்குள் நுழைகிற பாம்பு தலையை மேலே திருப்புவது போல, பாட்டின் கடைசிச் சொல் இடைக்கும் முதலுக்கும் போய்ப் பொருள் தருவது. இலக்கணம் முழுவதும் இந்த வரிகளுக்குப் பொருந்தாது, தெரியும். ஆனாலும் மறிதல் என்ற வினை அங்கே நமக்காகவே கிடக்கிறது. 'மறியடி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

மறி என்றால் மறியல் நினைவுக்கு வரும் என்று மாங்குளத்துப் பிள்ளை எழுதுவார். அதற்குப் பதில் நாளை எழுதுகிறேன். அடிதாண்டலுக்கு என் உடன்பாடு இல்லை என்பதும் பதிவில் இருக்கட்டும்.