நாங்களே போட்ட ஹம்ப்பும் கிராம சபையில் விரித்த லைனிங் துணியும்

பெங்களூர் பக்கம் ஆனேக்கல் தாலுகாவில் ஒரு மாநில நெடுஞ்சாலையை ஒட்டிய கிராமத்தில் 14 வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் தர்மபுரி பக்கம், வீட்டு முன்னறையில்தான் தையல் கடை. நாங்கள் வந்த புதிதில் சாலைக்கு அந்தப் பக்கம் முழுக்க ராகி வயல், மாடு கடந்தால் லாரிக்காரரே வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்ற வைப்பார். இப்போது அதே அகலச் சாலையில்தான் எம்-சாண்ட் டிப்பர், தண்ணீர் டேங்கர், கம்பெனி கேப், பள்ளி வேன் எல்லாம் ஓடுகிறது. அரசுப் பள்ளியும் அங்கன்வாடியும் அந்தப் பக்கம், எங்கள் வீடுகள் இந்தப் பக்கம். காலை எட்டரைக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போகும் என்று தெரியும்.

போன கார்த்திகையில் எங்கள் தெருப் பூக்கார அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) சாலையைக் கடக்கும்போது ஒரு டிப்பர் உரசி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு தெரு சுற்றி வந்த மனுஷி இன்றைக்கு வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு நார் கிழித்துக் கொடுக்கிறார். அன்று ராத்திரியே தெருவே திரண்டு சாலைக்குக் குறுக்கே ஹம்ப், அதாவது வேகத்தடை, போட்டோம். பக்கத்து வீடு கட்ட வைத்திருந்த ஜல்லி, சிமெண்ட். நானும் பாண்டு தூக்கினேன். யாரையும் கேட்கவில்லை, கேட்கிற மனநிலையிலும் யாரும் இல்லை.

மூன்றாவது நாள் ராத்திரி பதினொரு மணி இருக்கும். மெஷினை மூடிவிட்டுப் படுக்கப் போகும்போது தடாலென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சாப்பாடு டெலிவரி செய்கிற பையன், வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தெருவிளக்கு கிடையாது, ஹம்ப்புக்குப் பெயிண்ட் கிடையாது, முன்னால் ஒரு போர்டு கிடையாது, இருட்டில் தாரும் சிமெண்டும் ஒரே நிறமாகத்தான் தெரியும். அவன் பையிலிருந்த சாம்பார் சாலையில் வழிந்து கிடந்ததை ரத்தம் என்று நினைத்து எனக்குக் கை கால் ஓடவில்லை. "அம்மா, ஆர்டர் லேட் ஆகுது" என்றான், தமிழில். திருப்பத்தூர்ப் பையன். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது, ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. 108-க்குச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "முந்தாநாள் வந்தப்ப இங்க ஹம்ப் இல்லையேம்மா, யார் போட்டாங்க?" என்று கேட்டான். நாங்கள்தான் போட்டோம் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவன் எதுவும் பேசவில்லை.

விடிந்ததும் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். உயரம் எட்டு இன்ச், அகலம் ஒன்றரை அடி. என் தம்பி சிவில் படித்தவன், அவனுக்கு போன் போட்டேன். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே ஐஆர்சி 99 என்று ஒரு விதிமுறை வைத்திருக்கிறதாம். உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி போகிற திசையில் அகலம் 3.7 மீட்டர், அப்படி வளைவாகப் போட்டால்தான் 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் தூக்கியடிக்கப்படாமல் ஏறி இறங்குவான். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். எங்கள் கணக்கில் சொன்னால் நாலு இன்ச் உயரம், பன்னிரண்டு அடி அகலம். நாங்கள் சாலைக்குக் குறுக்கே வரப்பு கட்டி வைத்திருக்கிறோம். மதியத்துக்குள் கடப்பாரை போட்டு உடைத்தோம். அஜ்ஜி பேரைச் சொல்லிப் போட்டதை உடைக்கலாமா என்று இரண்டு வீட்டார் சண்டைக்கே வந்தார்கள்.

அப்புறம்தான் பஞ்சாயத்துக்குப் போனோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கிராம சபை கூட வேண்டும் என்பது சட்டம், ஆனால் எங்கள் தெருத் தமிழ் வீடுகளிலிருந்து அதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுதப் படிக்க வராது, அந்தக் கூச்சம். அதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்கான கிராம சபை நடந்தது. கர்நாடகத்தில் பஞ்சாயத்துகள் இதைத் தனியாக நடத்த வேண்டும், மக்கள கிராம சபே என்பார்கள் (அவர்கள் மொழியில் மக்கள் என்றால் பிள்ளைகள்). அதில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டிப்பர் வர்றதுக்குள்ள நாங்க கை பிடிச்சு ஓடிடுவோம், என் தங்கச்சியால அவ்வளவு வேகமா ஓட முடியல" என்றாளாம். அதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். பெரியவர்கள் சபையில் முதலில் அதைத்தான் வாசித்தார்கள், ஹாலில் சத்தமே இல்லை.

பிடிஓ (பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரி) எழுந்து "ஈ ரஸ்தே நம்மதல்லா" என்றார். இந்தச் சாலை நம்முடையதில்லை என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் அவர் சொன்னது சரி. ஊருக்குள் இருக்கிற சாலை பஞ்சாயத்துடையது, நெடுஞ்சாலையில் கை வைக்க அதைப் பராமரிக்கும் துறையின் அனுமதி வேண்டும். நான் 3.7 மீட்டர் லைனிங் துணி வெட்டி எடுத்துப் போயிருந்தேன். அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணும் அவள் தங்கச்சியும் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க ஹால் தரையில் விரித்தேன், பக்கத்தில் ஒன்றரை அடித் துண்டு ஒன்று. நாங்கள் போட்டது இது, போட வேண்டியது இது, இதனால் ஒரு பையன் விழுந்தான் என்று சொன்னேன். வெறும் கையோடு போயிருந்தால் எனக்கு இவ்வளவு பேச வந்திருக்காது.

பஞ்சாயத்தால் முடிந்ததைப் பத்து நாளில் செய்தார்கள், அதை மனசார ஒப்புக்கொள்கிறேன். ஊர்ச் சாலை நெடுஞ்சாலையில் சேர்கிற வாயில் ஆள் உயரத்துக்கு மண்டியிருந்த புதரை வெட்டினார்கள், இரண்டு எல்இடி விளக்கு போட்டார்கள், தண்ணீர் திறந்துவிடுகிறவர் காலையில் அரை மணி நேரம் சிவப்புத் துணியோடு சாலையில் நின்றார். ஹம்ப்புக்குத் தீர்மானம் போட்டு, எண்ணும் சீலும் வைத்துத் துறைக்கு அனுப்பினார்கள். அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. எங்கள் வார்டு மெம்பரும் நானும் நாலு தடவை அலுவலகத்துக்கு அலைந்தோம், ஒவ்வொரு தடவையும் கடிதமே வரவில்லை என்றார்கள், எண்ணைச் சொன்னதும் ஃபைல் வந்தது. ஆடி மாதம் முறைப்படி ஹம்ப் போட்டார்கள். நான் டேப் வைத்து அளந்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் பக்கம் எப்படி என்று சொல்லுங்கள்.

*

அக்கா, நான் ஹொசகோட்டே தாண்டி, எங்கள் ஊர் தேசிய நெடுஞ்சாலை 75-ஐ ஒட்டி. அங்கே ஹம்ப் கேட்கவே முடியாது, தேசிய நெடுஞ்சாலையில் அனுமதி இல்லை. எங்கள் ஆட்கள் சென்டர் மீடியனை உடைத்து வழி வைத்திருந்தார்கள், பைக்கை அதில் நுழைத்துத் திருப்புவோம், நானும்தான். பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் நின்று அதை அடைக்க வைத்தபோது மிகவும் திட்டினேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே சந்தில் என் சிநேகிதன் வண்டியில் கார் மோதியது, அப்படியும் திட்டினேன், பழக்கம் அப்படி. அடைத்தது சரி என்று இப்போது புரிகிறது. ஆனால் என் அம்மா பால் ஊற்றப் போக இப்போது ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறார், முட்டி வலியோடு. வழியை அடைக்கிறவர்கள் நடக்கிறவர்களுக்கு ஒரு வழி கொடுத்துவிட்டு அடைக்கக் கூடாதா? கீழ்ப்பாலம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். தேசிய நெடுஞ்சாலையில் விபத்து என்றால் 1033-க்குக் கூப்பிடுங்கள், எங்கள் பஞ்சாயத்துச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

*

நான் கேப் ஓட்டுகிறேன், பத்து வருடமாக கெங்கேரி. அந்தப் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. 2013-ல் மைசூர் ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தும் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று நிறுத்தாமல் போனவன் நான். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பு வருகிறது. இப்போது பயப்படத் தேவையில்லை என்று எல்லாருக்கும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள், நல்ல மனசோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது, பேர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 2025-லிருந்து விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 7 நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறுகிற திட்டமும் இருக்கிறது. 2022-ல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் செத்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேரை என்னை மாதிரி ஆட்கள் தாண்டிப் போனோமோ.

*

ஒன்று சொல்ல வேண்டும். கிராம சபையில் உரிமையோடு பேச அந்தப் பஞ்சாயத்து வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது, பொங்கலுக்குப் போகிற மாதிரி தேர்தலுக்கும் போய் வருகிறோம். பிள்ளைகள் கடக்கிற சாலை இங்கே இருக்கும்போது ஓட்டை அங்கே வைத்து என்ன செய்ய? நான் இந்த வருடம்தான் மாற்றினேன்.

*

தம்பி சொல்வது சரி, எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இங்கே ஓட்டு, இவருக்கு இன்னும் தர்மபுரியில். மாற்றச் சொல்லிவிட்டேன்.

அந்தத் திருப்பத்தூர்ப் பையன் போன வாரம் ஜாக்கெட்டுக்கு ஜிப் மாற்ற வந்தான். கை முழுசாக மேலே தூக்க வரவில்லை, ஆனால் வண்டி ஓட்டுகிறான். காசு வாங்க மாட்டேன் என்றதற்கு மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் கிளம்பும்போது அஜ்ஜி வாசலிலிருந்தே "நிதானா ஹோகப்பா" என்று குரல் கொடுத்தார். ஹம்ப்பில் வெள்ளைப் பட்டை இந்த மழையில் பாதி அழிந்துவிட்டது, ராத்திரியில் சரியாகத் தெரியவில்லை. அடுத்த கிராம சபைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், கன்னடத்தில், அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்தான் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கிறாள்.