‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010): இரண்டாம் பாதியில் யார் பக்கம் நிற்பது?

கொள்ளிடக்கரை கேட்கிறார்:
செல்வராகவனின் இந்தப் படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். காணாமல் போன தொல்லியல் ஆய்வாளரைத் தேடி ஒரு குழு வியட்நாம் பக்கத்துத் தீவுக்குப் போகிறது. கடல், நரமாமிசம் தின்பவர்கள், பாம்புகள், புதைமணல் என்று வழியெங்கும் பொறிகள். நடராசர் நிழல் விழும் தரையில் மட்டும் கால் பதித்து ஓடும் காட்சியில் மூச்சு நின்றுவிட்டது. ஆனால் அங்கே மறைந்து வாழும் சோழர் வழிவந்தவர்களின் இருப்பிடம் வந்ததும் கதை திசைமாறுகிறது. அதுவரை நாம் பின்தொடர்ந்த, கார்த்தி நடித்த முத்து ஓரங்கட்டப்படுகிறான். ரீமா சென்னின் அனிதாவை நம்புவதா, பார்த்திபனின் மன்னனை நம்புவதா?

மாலைக்காட்சி:
கிராபிக்ஸ் பல இடங்களில் பல்லிளிக்கிறது. இரும்புக் குண்டைச் சுழற்றி ஆட்களைக் கொல்லும் அரங்கக் காட்சியும் தேவைக்கு மேல் நீள்கிறது. முதல் பாதி போதும் என்பது என் கருத்து.

சரித்திர வாத்தியார்:
மன்னிக்க வேண்டும் நண்பரே, நான் உடன்படவில்லை. பள்ளியில் சோழர் பாடம் நடத்துகிறேன். 1279இல் மூன்றாம் இராசேந்திரனோடு பாடம் முடிந்துவிடும். உடனே யாராவது ஒரு பிள்ளை எழுந்து, “அப்புறம் அவர்கள் எங்கே போனார்கள் ஐயா?” என்று கேட்கும். புத்தகத்தில் பதில் கிடையாது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரப் படம் எடுக்கத் துணிந்தவர் செல்வராகவன். பட்டினியால் ஒட்டி உலர்ந்த மக்கள், தஞ்சைக்கு அழைத்துப் போக ஒரு தூதுவன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். வைரமுத்துவின் ‘தாய் தின்ற மண்ணே’ வரும்போது பார்த்திபன் முகத்தைப் பாருங்கள். பெருமிதமும் பசியும் ஒரே முகத்தில்! சோழர் பெருமை பேச இங்கே ஆயிரம் பேர் உண்டு. தோற்றுப்போன சோழனை இப்படிக் காட்ட வேறு யார் துணிந்தார்கள்?

என் வருத்தம் வேறு. அனிதா பாண்டிய வம்சம். குலதெய்வச் சிலையை மீட்க வந்தவள். அந்தப் பகைக்கு வரலாற்றிலேயே வேர் உண்டு. மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்ததை, கல்வெட்டில் அவன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. இரு தரப்புக்கும் காயம் உண்டு. ஆனால் படத்தில் பாண்டியர் காயத்துக்குப் போதிய இடமில்லை. அதனால் அனிதா வெறும் வஞ்சகியாகத் தெரிகிறாள். இராணுவம் நுழைந்த பிறகு பெண்கள்மீது நடக்கும் வன்முறையையும் அவ்வளவு நேரம் காட்டியிருக்க வேண்டாம். என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முத்துவை விட்டுவிடாதீர்கள். உண்மையான தூதுவன் அவன்தான்; அதை இன்னும் முன்பே அழுத்தமாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கொள்ளிடக்கரை:
மிக்க நன்றி ஐயா. முத்துவை மனத்தில் வைத்து இரண்டாம் பாதியை மட்டும் மறுபடி பார்க்கப் போகிறேன். பழந்தமிழ் வசனங்கள் சில பிடிபடவில்லை. கேட்டு எழுதி இங்கே பதிகிறேன், பொருள் சொல்லுங்கள்.