கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஒதுங்குகிறவருக்குக் கெடு வைக்கலாமா?

கரைமணல்:
காதலித்து வருஷக்கணக்கில் ஆகியும் கல்யாணம் என்றதும் "பார்க்கலாம்" என்று நழுவுவதைப் பயம் என்று சொல்லி ஆளைத் தப்பவிடுகிறோம். தேதி குறித்துக் கெடு வையுங்கள். காத்திருப்பவருக்கும் வயது ஓடுகிறது.

நூல்முனை:
கெடு வைத்தால் இன்னும் ஒதுங்குவார். தாய்-சேய்ப் பிணைப்பை விளக்கும் அட்டாச்மென்ட் கோட்பாட்டை 1987இல் உளவியலாளர்கள் ஹேசனும் ஷேவரும் காதலுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். விலகும் சுபாவம் உள்ளவருக்கு நெருக்கம் கூடும்போதுதான் மூச்சு முட்டும். நேற்றுவரை பிடித்திருந்த சிரிப்பே இன்று குறையாகத் தெரியும். நீங்கள் துரத்தத் துரத்த அவருக்குப் போனை எடுக்கவே தயக்கம் வரும்.

ஒரு நாளைக்கு ஒரே விஷயம், 20 நிமிஷம் பேசுங்கள். முதலில் எந்த ஊரில் குடியிருப்பது. பெற்றோர் சந்திப்பு அதற்குப் பிறகு. தாங்க முடியாவிட்டால் அவர் பேச்சை நிறுத்தலாம். ஆனால் மறுபடி எப்போது பேசலாம் என்பதை 24 மணி நேரத்துக்குள் அவரே சொல்ல வேண்டும். இந்தப் பாதியை விட்டுவிட்டால் "நிறுத்தலாம்" என்பது தப்பிக்கும் வழியாகிவிடும்.

கரைமணல்:
அந்தப் பாதியில்தானே எல்லாம் இருக்கிறது! பயப்படுகிறவர் தடுமாறினாலும் பேச்சுக்குத் திரும்பி வருவார். விருப்பமில்லாதவரை ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

வேப்பங்காற்று:
"பதிவு பண்ணிட்டா சரியாகிடும்" என்கிறவர்களுக்கு: சிறப்புத் திருமணச் சட்டம் 1954படி நோட்டீஸ் கொடுத்து 30 நாள் பொறுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த 3 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதி. தமிழ்நாட்டில் இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே திருமணம் செல்லும். அதனாலேயே அவசரப்படுத்துவது சுலபம், ஆனால் தவறு. கூட்டுக் கடனில் மனை வாங்குவதும் இதே தவறுதான். உறவில் நிலைப்பதற்கு மனநிறைவு, போட்ட முதல் (நேரம், பணம், உழைப்பு), வேறு வழி இல்லாமை மூன்றும் காரணம் என்று உளவியலாளர் ரஸ்புல்ட் 1980இலேயே காட்டினார். கடன், அந்தப் போட்ட முதலை மட்டும்தான் கூட்டும். பயம் அப்படியே இருக்க, பிரிவது மட்டும் கஷ்டமாகிவிடும்.

நூல்முனை:
சரி, தேதி இருக்கட்டும். ஆனால் அதை அவர் வாயால் சொல்லட்டும். நீங்கள் வைத்த தேதியோடு சண்டை போடுவார். தான் வைத்த தேதியோடு போட முடியாது.

கரைமணல்:
அவரே சொல்லட்டும். ஒருமுறை தள்ளிப்போட்டால் பயம் என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் முறைக்கு மாட்டேன்.