சிங்க் ஓரம் கறுத்த தேக்கு மேடை: எண்ணெயா, பி.யூ.வா?

வைட்ஃபீல்டு_மணி:
புதிதாக வாங்கிய பழைய ஃபிளாட்டில் சமையல் மேடை கிரானைட் இல்லை, முழுத் தேக்குப் பலகை. சிங்க்கைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கறுத்துக் கிடக்கிறது. அடுப்புப் பக்கம் வாணலி வைத்த சூட்டுத் தடம் வேறு. ஆசாரி, தேய்த்துவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன், பிளாஸ்டிக் படலம் மாதிரிப் பூச்சு) அடிக்கலாம் என்கிறார். வீட்டில், பேசாமல் பெயர்த்துவிட்டு கிரானைட் போடுங்கள் என்கிறாள். என்ன செய்யலாம்?

இழைப்புளி:
முதலில் கறுப்பில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் மக்கல். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு வேறு கட்டை ஒட்ட வேண்டும். இறங்கவில்லை என்றால் வெறும் கறை. மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு, அதோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுக்கும். ஈரத் தோசைக்கல்லை ராத்திரி மேடையில் விட்டால் காலையில் வட்டமாக நிற்குமே, அதே சங்கதிதான்.

இதை உப்புத்தாளால் மட்டும் விரட்ட முடியாது, ஆழம் போயிருக்கும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, ஆக்ஸாலிக் ஆசிட் பொடியை பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் விட்டுக் கரைத்துப் பூசுங்கள். பலகை முழுக்கப் பூச வேண்டும். கறைமேல் மட்டும் பூசினால் அந்த இடம் தேமல் மாதிரி வெளிறிவிடும். விஷம், கையுறை கட்டாயம். பலமுறை கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே தேய்க்கலாம், இல்லாவிட்டால் அந்தத் தூசி மூக்கைப் பதம் பார்க்கும். ஸ்டீல் வுல் பக்கமே போகாதீர்கள், அதன் இழை மரத்தில் தங்கி மறுபடி கறுக்கும். சூட்டுத் தடத்தை ரேகை போகிற திசையில் சுரண்டினாலே போதும். கடைசியில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய். பி.யூ. வேண்டவே வேண்டாம்.

கோரமங்களா_ஆர்க்கி:
வேண்டவே வேண்டாமா? வருஷத்துக்கு நாலு தடவை எண்ணெய் பூசிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? இந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஆபீஸ் போகிறோம். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா சோப்பும் ஸ்கிரப்பருமாக ஒரே மாதத்தில் உங்கள் எண்ணெயைக் கழுவிவிடுவார். கை தேர்ந்த ஆளை வைத்து டூ-பேக் (இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும்) பி.யூ. அடித்தால் மஞ்சள், புளித்தண்ணீர், சாம்பார் எதுவும் இறங்காது.

இழைப்புளி:
இறங்காது, முதல் கத்திக் கீறல் விழுகிற வரைக்கும். அந்த வழியாகத் தண்ணீர் போனால் படலம் தூக்கிக்கொள்ளும், அடியில் மரம் சாம்பல் நிறமாகும். அப்புறம் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் தனியாகத் தெரியும், முழுசாக உரிக்கத்தான் வேண்டும். எண்ணெய் மேடை என்றால் கீறின இடத்தில் 120, 180, 240 நம்பர் என்று வரிசையாக உப்புத்தாள் போட்டு, துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் முடிந்தது. மஞ்சள் கறையா? வெயில் பட்டாலே வெளுத்துவிடும்.

பசவனகுடி_மாமி:
லின்சீட்டெல்லாம் எதற்கு? எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்தான் தடவுகிறோம், பளபளவென்று இருக்கிறது.

இழைப்புளி:
மாமி, அது காயாது. கொஞ்ச நாளில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கும் லிக்விட் பாரஃபின் கெடாது, ஆனால் அதுவும் காயாது. காய்கறி நறுக்கும் பலகைக்குச் சரி, சிங்க் ஓரத்துக்கு ஆகாது.

வைட்ஃபீல்டு_மணி:
ஸ்க்ரூ டிரைவர் இறங்கவில்லை, தப்பித்தேன். சிங்க் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிங்க்குக்காக வெட்டிய விளிம்பில் பூச்சே இல்லை, வாள் போன தடம் அப்படியே இருக்கிறது. குழாய் அடியில் சொட்டு நிற்கிறது.

கோரமங்களா_ஆர்க்கி:
அதுதான் வியாதி! மேலே என்ன பூசினாலும் வெட்டுவாய் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே எண்ணெய் போதாது, எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பிசின்) தடவி, இடுக்கை அடைக்க சிலிகான் போட வேண்டும். குழாயை முதலில் சரிசெய்யுங்கள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் அவசியம், மேலே மட்டும் பூசினால் வளையும்.

அப்புறம் இழைப்புளி சார், லின்சீட் என்று இவ்வளவு சொன்னீர்கள், துடைத்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். காயும்போது வெப்பம் வருகிற எண்ணெய் அது.

இழைப்புளி:
நியாயம். துணியை வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். எபாக்ஸி விஷயத்திலும் ஆர்க்கியோடு எனக்குச் சண்டை இல்லை. மேல்பரப்பு மட்டும் எண்ணெய்தான். பெயின்ட் கடையில் விற்கும் ‘டபுள் பாயில்டு’ லின்சீட் எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்பு சேர்த்திருப்பார்கள், வாங்கும்போது டப்பாவைப் படித்துப் பாருங்கள்.

வைட்ஃபீல்டு_மணி:
விளிம்புக்கு எபாக்ஸி, மேலே எண்ணெய். ஆசாரியிடம் சொல்லிவிட்டேன், முகம் சுளித்தார்.

கோரமங்களா_ஆர்க்கி:
மழைக்காலத்தில் எண்ணெய் காய நாளாகும் மணி. அதுவரை அடுப்பை ஹாலுக்குத் தூக்க வேண்டியிருக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டீர்களா?