புவேர்ட்டோ வயார்ட்டாவில் பத்து நாட்கள்: அம்மாவை எங்கே சாப்பிட அழைத்துச் செல்வது?

ஹம்டன் ஒழுங்கை வாசி (வெள்ளவத்தை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் மகள், வரும் பங்குனி மாதத்தில் குடும்பத்தினர் எல்லோரும் ஓரிடத்தில் கூடவேண்டும் என்று விரும்பி, மெக்சிக்கோவின் பசிபிக் கரையிலுள்ள புவேர்ட்டோ வயார்ட்டாவில் வீடொன்றைப் பத்து நாட்களுக்கு எடுத்திருக்கிறார். வீடு நகரின் தெற்குப் பக்கத்தில், சோனா ரொமாந்திக்கா என்று அழைக்கப்படும் பழைய பகுதியில் இருக்கிறது. சமையலறை உண்டு என்றாலும், இவ்வளவு தூரம் பறந்து போய் அங்கேயும் நானே அடுப்படியில் நிற்பதற்கு எனக்கு விருப்பமில்லை.

என் கணவர் மீன் என்றால் உயிரை விடுவார். அவரைப் பற்றிக் கவலை இல்லை. கவலை அம்மாவைப் பற்றியது. அவருக்கு எழுபத்து நான்கு வயது. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் வாழ்நாளில் தொட்டதில்லை. செவ்வாயும் வெள்ளியும் முழுச் சைவம், முட்டையும் ஆகாது. மற்ற நாட்களில் மீன், இறால், ஆட்டிறைச்சி எல்லாம் நன்றாகச் சாப்பிடுவார், உறைப்பும் வேண்டும். இணையத்தில் தேடினால் எல்லாக் கடைக்கும் நாலரை நட்சத்திரம், எல்லாப் படத்திலும் ஒரே சூரிய அஸ்தமனம். எதை நம்புவது? அங்கே போய் வந்தவர்கள் யாராவது, எந்தக் கடை நல்லது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கப்பற்காரன் (மட்டக்குளி):

தங்கச்சி, பயணிகள் கப்பலொன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்த காலத்தில் அந்தத் துறைமுகத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஒருமுறை ஒப்பந்தம் முடிந்த பின்னர் இரண்டு வாரம் அங்கேயே தங்கியும் இருந்தேன். கடையின் பெயரைச் சொன்னால் நீங்கள் போவதற்குள் அது கைமாறியிருக்கலாம். அதைவிட, எந்த வேளையில் எதைத் தேடவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் கடை தானாகவே கண்ணில் படும். காலிமுகத்திடலுக்குக் காலை ஏழு மணிக்குப் போய் இறால் வடை நன்றாக இல்லை என்று ஒருவர் குறைப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? அந்த ஊரில் வெளிநாட்டவர்கள் செய்வதும் அதுவே. இரவு எட்டு மணிக்குக் கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றிய மேசையில் அமர்ந்து மீன் கேட்பார்கள். உள்ளூர்க்காரர் எவரும் அந்த நேரத்தில் மீனைத் தேடிப் போவதில்லை.

மீனும் இறாலும் அங்கே பகலுணவு. மாரிஸ்கேரியா என்று பலகை மாட்டிய கடைகள் முற்பகல் பதினொரு மணிக்கோ பன்னிரண்டுக்கோ திறந்து, மாலை ஐந்து ஆறு மணிக்குள் பூட்டிவிடும், ஏனெனில் அன்று வந்த சரக்கு அன்றே முடியவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி, ஓடுகின்ற மின்விசிறி, குழந்தைகுட்டியோடு வந்திருக்கும் குடும்பங்கள், மேசைக்கு மேசை பாதி வெட்டிய தேசிக்காய்: இவை இருந்தால் உள்ளே போங்கள். அவர்களுடைய பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்தான் நடக்கிறது. ஆகவே நம்முடைய பன்னிரண்டரை மணிப் பசிக்குக் கடை வெறிச்சோடிக் கிடந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

உங்கள் கணவருக்காக ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் கரையின் சிறப்பு, பெஸ்காடோ சரந்தியாடோ. வடக்கே அடுத்த மாநிலமான நயாரிட்டிலுள்ள மெஸ்கல்திதான் என்ற தீவிலிருந்து வந்ததாக அதைச் சொல்வார்கள். முழு மீனை முதுகுப்பக்கமாகப் பிளந்து புத்தகம் போல விரித்து, மிளகாய் விழுதைப் பூசி, கம்பித் தட்டிகளுக்கு நடுவில் இறுக்கி, விறகு நெருப்பில் வாட்டுவார்கள். முன்னர் கண்டல் மரத்து விறகையே இதற்குப் பயன்படுத்தினார்களாம். அதைத் தட்டில் வைத்து நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். சோள ரொட்டியில் பிய்த்துப் போட்டு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். பெரும்பாலும் கிலோக் கணக்கில்தான் விற்பார்கள் என்பதால், சமைக்கச் சொல்லும் முன்னரே மீனைக் காட்டச் சொல்லி, நிறுத்து, விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை கரையோரக் கடையொன்றில் கேட்காமல் இருந்துவிட்டு, சீட்டைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன்.

சியேர்ரா என்று எழுதியிருந்தால் தயங்கவேண்டாம், அது நம் அறுக்குளாவின் ஒன்றுவிட்ட தம்பி, ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. அதைப் பொடியாகக் கொத்தித் தேசிச்சாற்றில் ஊறவைத்து, பொரித்த சோள ரொட்டியின் மேல் பரப்பித் தருவதுதான் செவிச்சே. ஆனால் தேசிப்புளி மீனை வெளுக்கச் செய்யுமே தவிர நெருப்பைப் போலக் கிருமியைக் கொல்லாது. அம்மாவின் வயதில் அதையும், பச்சை இறாலை மிளகாய்த் தண்ணீரில் போட்டுத் தரும் அகுவாச்சிலேயையும் தவிர்ப்பதே நல்லது. இறாலைப் பொறுத்தவரை, பங்குனி வாக்கில் தொடங்கிப் புரட்டாதி வரை அந்தக் கரையில் கடல் இறால் பிடிக்கத் தடை இருப்பது வழக்கம். தடைக்காலத்தில் கிடைப்பது பண்ணை இறாலாகவோ உறைய வைத்ததாகவோ இருக்கும். மோசமென்று சொல்லவில்லை, ஆனால் "இன்று காலை கடலில் பிடித்தது" என்று ஒருவர் சத்தியம் செய்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஆட்டிறைச்சி பிடிக்கும் என்றீர்கள். நகரம் இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்தின் பெருமையே பிர்ரியா, அதாவது மிளகாயும் வாசனைப் பொருட்களும் சேர்த்து நெடுநேரம் வேகவைத்த ஆட்டிறைச்சி. அது காலை உணவு. மதியத்துக்குள் பல கடைகளில் சட்டி காலியாகிவிடும். இப்போது மாட்டிறைச்சியிலும் பரவலாகச் செய்கிறார்கள் என்பதால், "தே சீவோ ஓ தே ரெஸ்?" என்று கேளுங்கள். சீவோ என்றால் ஆடு, ரெஸ் என்றால் மாடு.

கப்பல்கள் வந்து நிற்கும் நாளில் மலெக்கோன் என்ற கரையோர நடைபாதையில் சாப்பிடாதீர்கள். வாசலில் நின்று படம் போட்ட அட்டையைக் காட்டி அழைக்கிறவர்களைக் கடந்து, கரைக்கு முதுகைக் காட்டி மூன்று நான்கு தெருக்கள் மேலே ஏறினால் விலையும் இறங்கும், சமையலும் மாறும். வடக்கே சிங்கோ தே திசியெம்ப்ரே என்ற குடியிருப்பும், பேருந்தில் போகக்கூடிய பித்தியால் என்ற உட்பகுதியும் வேலை செய்கிற மக்கள் சாப்பிடும் இடங்கள்.

சைவச் சமையல்காரி (பம்பலப்பிட்டி):

அக்கா, மீனைப் பற்றி ஐயா நன்றாக எழுதிவிட்டார். செவ்வாய் வெள்ளியைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் மாமியாரோடு அந்த ஊருக்குப் போய்ப் பட்டுத் தெளிந்தவள் நான். முதலாவது பாடம்: "சின் கார்னே" என்று சொல்லி நிறுத்தக்கூடாது. இறைச்சி இல்லாமல் என்பதே அதன் பொருள் என்றாலும், பலருக்குக் கார்னே என்றால் சிவந்த இறைச்சி மட்டும்தான். எங்களுக்குக் கோழி போட்ட சூப் வந்தது, கொண்டுவந்த பெண்ணோ மிகுந்த அன்போடு கொண்டுவந்தாள். ஆகவே இறைச்சி, கோழி, மீன், முட்டை நான்கையும் பெயர் சொல்லி மறுக்கவேண்டும்: "நி கார்னே, நி போயோ, நி பெஸ்காடோ, நி உவேவோ."

கண்ணுக்குத் தெரியாமல் வருவது மான்டேக்கா, அதாவது பன்றிக் கொழுப்பு. மசித்துத் தாளித்த அவரையில் அது இருப்பது வழக்கம். வாழையிலையிலோ சோள மடலிலோ பொதிந்து அவிக்கும் தமாலெஸின் மாவிலும் அதைச் சேர்த்துப் பிசைவார்கள். கோதுமை ரொட்டியிலும் இருக்கக்கூடும். சோள ரொட்டி பெரும்பாலும் சோளமும் சுண்ணாம்பும் தண்ணீரும் மட்டுமே என்பதால் அதுவே பாதுகாப்பு. சிவப்புச் சோற்றைப் பார்த்து நம்முடைய தக்காளிச் சோறு என்று மகிழ்ந்துவிடாதீர்கள், அதைக் கோழி அவித்த தண்ணீரில் வேகவைப்பது சாதாரணம். அவரை வேண்டுமென்றால் "ஃப்ரிஹோலெஸ் தே லா ஓயா" என்று கேட்டு வாங்குங்கள். அது பானையில் உப்பும் வெங்காயமும் போட்டு அவித்ததாக இருக்கும், ஆனாலும் "யேவான் மான்டேக்கா?" என்று ஒருதரம் கேட்டுவிடுவது நல்லது.

கடைகளைப் பொறுத்தவரை ஃபோந்தா அல்லது கொசினா எகொனோமிக்கா என்று எழுதிய சிறிய சாப்பாட்டுக்கடைகளைத் தேடுங்கள். சூப், சோறு, ஒரு கறி, பழச்சாற்றுத் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரே விலையில் தருவார்கள். சமைப்பவர் எதிரிலேயே நிற்பதால் கேட்டு வாங்கலாம். குவாலே ஆற்றங்கரையிலுள்ள நகரச் சந்தையின் மேல் தளத்தில் இத்தகைய கடைகள் உண்டு. கள்ளிமடல் வதக்கல், பால்கட்டி வைத்த பூசணிப்பூ ரொட்டி, கறிமிளகாய் போன்ற பெரிய மிளகாயைக் கீறிப் பால்கட்டியோடு வதக்கியது எல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும். அதே மிளகாயை அடைத்துப் பொரித்தால் முட்டைக் கரைசலில் தோய்த்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போவது பங்குனியில் என்றால் ஒரு நன்மை இருக்கிறது. அது பெரும்பாலும் கத்தோலிக்கரின் தவக்காலத்தில் வரும். வெள்ளிக்கிழமைகளில் அவர்களும் இறைச்சியை விலக்குவார்கள் என்பதால் சிறு கடைகளின் பலகைகளில் விரதச் சாப்பாடு எழுதப்பட்டிருக்கும். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அவர்களுடைய விரதத்தில் மீனும், இறால் தூள் சேர்த்த வடைகளும் உண்டு! பாணும் சர்க்கரைப் பாகும் கறுவாவும் பால்கட்டியும் அடுக்கிச் செய்யும் கப்பிரொத்தாதா என்ற இனிப்பு அந்தக் காலத்துக்கே உரியது. அதை வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

தெகிவளைப் பையன்:

அன்ரி, எதை நம்புவது என்று கேட்டீர்கள். இணையத்தின் நட்சத்திரங்களை முழுவதும் ஒதுக்கிவிடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வரைபடத்தில் கடைக்குரிய பக்கத்தைத் திறந்து, ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட அண்மைய கருத்துகளை மட்டும் மொழிபெயர்த்து வாசியுங்கள். ஆங்கிலத்தில் புகழ்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் காட்சியையும் குளிர்பானத்தையும் புகழ்கிறார்கள். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு வாடிக்கையாளர் எடுத்த தட்டுகளின் படங்களைப் பாருங்கள். பூட்டும் நேரத்தையும் பாருங்கள்: மீன்கடை என்று சொல்லிக்கொண்டு இரவு பதினொரு மணி வரை திறந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அட்டையில் பணம் செலுத்தும்போது இயந்திரம் டொலரா பெசோவா என்று கேட்டால் பெசோவையே தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள். தெருவோரக் கடைகளில் காசு மட்டும்தான்.

பழைய கப்பற்காரன் (மட்டக்குளி):

தம்பி சொன்ன பூட்டும் நேரம் நல்ல அடையாளம், ஒப்புக்கொள்கிறேன். இரவில் திறப்பவை, சோள ரொட்டியில் இறைச்சி வைத்துத் தரும் டாக்கோ வண்டிகள். செங்குத்துக் கம்பியில் சுழன்று வேகும் இறைச்சி, லெபனானிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஷவர்மாவிலிருந்து பிறந்தது என்றாலும், அங்கே அது பன்றியிறைச்சி. ஹலிஸ்கோவில் அதை அதொபாதா என்றும் எழுதுவார்கள், பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். உங்கள் பேரப்பிள்ளைகள் சாப்பிடட்டும். தட்டின் மேல் பிளாஸ்டிக் பையை மாட்டித் தருவது சுத்தத்துக்காகத்தான், முகம் சுளிக்காதீர்கள்.

ஹம்டன் ஒழுங்கை வாசி (வெள்ளவத்தை):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு கடையின் பெயரைக் கேட்டேன். நீங்கள் ஒரு நாளின் அட்டவணையையே தந்துவிட்டீர்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பன்றிக் கொழுப்பைப் பற்றிக் கேட்டதும், மிளகாய்த்தூளும் பருப்பும் ஒரு சிறிய சமையற்சட்டியும் பெட்டியில் வைக்கும்படி சொல்லிவிட்டார். தண்ணீரைப் பற்றியும் சொல்வீர்களா? கணவருக்குக் கடற்கரையில் விற்பதை எல்லாம் வாங்கிச் சாப்பிடவேண்டும் என்று ஆசை.

பழைய கப்பற்காரன் (மட்டக்குளி):

குழாய்த் தண்ணீரைக் குடிக்கவேண்டாம்; வீட்டில் பெரிய போத்தல் தண்ணீர் வைத்திருப்பார்கள், பல் துலக்கவும் அதையே பயன்படுத்தலாம். கடைகள் பனிக்கட்டியைச் சுத்திகரித்த தண்ணீரில் செய்ததாகவே வாங்குகின்றன, நடுவில் துளையுள்ள உருளை வடிவில் இருக்கும். வெட்டி வைத்த பப்பாசியையும் மாங்காயையும் விட, எதிரிலேயே தோல் சீவித் தருபவரிடம் வாங்குங்கள். நம் ஊர் அன்னாசியைப் போலவே உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள், அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

கடற்கரையில் குச்சியில் கோர்த்து வாட்டிய மீனை விற்கிறவர்கள் அதைப் பெஸ்காடோ எம்பராசாடோ என்பார்கள். எம்பராசாடோ என்றால் கர்ப்பமானது என்று அகராதி சொல்லும்! உண்மையில் அது "கம்பில் வாட்டியது" என்ற சொற்றொடர் திரிந்து வந்ததாம். நெருப்பிலிருந்து சூடாக எடுத்துத் தந்தால் வாங்கலாம், தட்டில் வெயில் காய்ந்து கிடந்தால் வேண்டாம்.

மலெக்கோனில் சாப்பிடவேண்டாம் என்று சொன்னேனே தவிர, நடக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே தோளில் சுரைக்குடுவையைச் சுமந்தபடி தூபா விற்பவர்கள் வருவார்கள். தென்னம்பாளையிலிருந்து இறக்கிய இனிப்பான சாறு அது; மேலே பொடியாக நறுக்கிய அப்பிளும் கச்சானும் போட்டுத் தருவார்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள்தான் பாளை சீவும் தொழிலை அந்தக் கரைக்குக் கொண்டுபோனார்கள். முதல் மிடற்றிலேயே உங்கள் கணவர் இது நம் தென்னையின் பதநீர் என்று சொல்லுவார். முற்பகலில் வாங்கிக் குடித்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொழுதுபடும் வரை வைத்திருந்தால் அது கள்ளாக மாறத் தொடங்கிவிடும்; அதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.