கணினி தொடங்கவில்லை, அவசர உதவி தேவை

மழைக்குருவி:
அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை வரை நன்றாக இயங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக் கணினி இன்று காலையிலிருந்து தொடங்க மறுக்கிறது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் திரை கறுப்பாகவே இருக்கிறது. நாளை மறுநாள் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை அதனுள்ளே இருப்பதால், தெரிந்தவர்கள் விரைந்து வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருகாணி:
மேசைக் கணினியா, மடிக்கணினியா? பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஃபேன் சுழல்கிறதா, விளக்கு ஏதேனும் எரிகிறதா, பீப் ஒலி கேட்கிறதா? எதுவுமே அசையவில்லை என்பதும், எல்லாம் ஓடியும் திரை மட்டும் வரவில்லை என்பதும் வேறு வேறு கோளாறுகள். முதலாவதற்கு மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ராம் (தற்காலிக நினைவகம்), திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மின்கம்பி:
எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி, போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டிலிருந்து 24 பின் இணைப்பைக் கழற்றி, அதிலுள்ள பச்சைக் கம்பியின் துளையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு பிளக்கைச் செருகுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுழலாவிட்டால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

திருகாணி:
கேட்ட கேள்விகளுக்கே இன்னும் பதில் வரவில்லை, அதற்குள் கிளிப்பா? இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே இருக்கின்றன. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேன் சுழலாத வகைகளும் உண்டு. அந்தச் சோதனையில் ஃபேன் சுழன்றுவிட்டாலும், சுமை ஏறும்போது மின்னழுத்தம் நிலைக்குமா என்பது தெரியாது.

பழஞ்சாதனம்:
மதர்போர்டில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி ஒன்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பொருத்துங்கள். எனக்கு இரண்டு கணினிகளில் இதே வைத்தியம்தான் கைகொடுத்தது.

மூலப்பலகை:
மதர்போர்டு எது, ராம் எந்த வகை, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற மூன்று விவரங்களும் இல்லாமல் கேட்கப்படும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். படிப்பவர்கள்தான் இல்லை. பழஞ்சாதனம் அவர்களுக்கு: அந்த 3 வோல்ட் பேட்டரி கடிகாரத்தையும் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் காப்பதற்காக மட்டுமே இருக்கிறது. அது தீர்ந்துபோனால் தேதி தவறும். அதனால் மட்டும் கணினி பெரும்பாலும் தொடங்காமல் போகாது.

பழஞ்சாதனம்:
பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நான் எங்கே சொன்னேன்? அதைக் கழற்றினால் பழுதான பயாஸ் அமைப்புகள் அழிந்து, ஆலை அமைப்புகளுக்குத் திரும்பும் என்பதற்காகச் சொன்னேன். தவறான அமைப்பால் தொடங்காமல் நிற்கும் கணினிகள் இருக்கத்தான் செய்கின்றன.

மூலப்பலகை:
அதற்கென்றே மதர்போர்டில் இரண்டு பின்கள் தரப்பட்டிருக்கின்றன. பேட்டரியை நெம்பி அதன் பிடிப்பை உடைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பழஞ்சாதனம்:
அந்தப் பின்கள் எங்கே இருக்கின்றன என்று கையேட்டைத் தேடுவதற்குள் பேட்டரியை நான்கு முறை கழற்றி மாட்டிவிடலாம், ஐயா.

மழைக்குருவி:
தாமதத்திற்கு மன்னிக்கவும். மேசைக் கணினிதான். ஃபேன்கள் சுழல்கின்றன, பீப் ஒலி இல்லை, மதர்போர்டின் ஓரத்தில் சிறிய மஞ்சள் விளக்கு எரிகிறது. அரை நிமிடம் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறேன். பேட்டரியை இரண்டு முறை கழற்றி மாட்டியும் பயனில்லை. நேற்றிரவு கூடுதலாக இரண்டு ராம் பொருத்திவிட்டு, அப்போது இயக்கிப் பார்க்காமல் உறங்கிவிட்டேன். ஏற்கெனவே இருந்த இரண்டையும் போலவே அவையும் டிடிஆர்5 வகை ராம் என்பதால், அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

மூலப்பலகை:
சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாராம்.

திருகாணி:
மஞ்சள் விளக்கின் அருகில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல மதர்போர்டுகளில் சிபியு (செயலி), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (தொடக்கம்) என நான்கு விளக்குகள் இருக்கும். கணினி எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். டிராம் என்றிருந்தால், புதிய இரண்டையும் கழற்றிவிட்டுப் பழையவற்றோடு மட்டும் இயக்கிப் பாருங்கள். ராம் இருபுறமும் ஒரே அளவில் இறங்கி, பிடிப்பு சொடுக்கென்று மூடியதா என்பதையும் கவனியுங்கள்.

ஊமைத்திரை:
எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டிடிஆர்5 ராமைப் புதிதாகப் பொருத்தினால், முதல் தொடக்கத்தின்போது ஒவ்வொரு இணைப்புத் தடத்தின் நேர அளவையும் பயாஸ் சோதித்துச் சரிசெய்துகொள்கிறது. அதை மெமரி டிரெய்னிங் என்பார்கள். அந்த நேரம் முழுவதும் திரை கறுப்பாகவும் டிராம் விளக்கு எரிந்தபடியும் இருக்கும். இடையில் தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கவும் கூடும். நான்கு ராம்கள் என்றால் பல நிமிடங்கள் ஆகலாம். நீங்கள் அரை நிமிடத்தில் நிறுத்தும்போதெல்லாம் அந்த வேலை பாதியில் அறுந்துபோகிறது. பேட்டரியைக் கழற்றினால் கண்டுபிடித்து வைத்த அளவுகளும் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. ஆகவே ஒருமுறை இயக்கிவிட்டு, கால் மணி நேரம் அதைத் தொடாமல் இருங்கள்.

மின்கம்பி:
கால் மணி நேரமா? எஸ்எம்பிஎஸ் பலவீனமாக இருந்தாலும் இதே அறிகுறிகள்தான் தெரியும்.

பழஞ்சாதனம்:
ஊமைத்திரை சொல்வது எனக்குப் புதிய செய்தி. என் இரண்டு கணினிகளுமே டிடிஆர்3 காலத்தவை.

மழைக்குருவி:
வந்துவிட்டது. ஏறத்தாழ ஒன்பது நிமிடம். நன்றி. ஆனால் தேதி மட்டும் சில ஆண்டுகள் பின்னால் காட்டுகிறது. இது வேறு ஏதேனும் கோளாறா?

மூலப்பலகை:
பேட்டரியைக் கழற்றச் சொன்னவரிடம் கேளுங்கள்.