கணினிக்குள் ஓட்டும் நோயாளிகளை நம்பி முடிவெடுக்கலாமா?

முகில்வண்ணன்:
புள்ளியியல் முதுகலை படிக்கிறேன். இப்போது ஆர்க்கிமிடீஸ் என்ற சர்க்கரை நோய்க் கணினி மாடலைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன், அமெரிக்காவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ சேவை நிறுவனத்தில் டேவிட் எடியும் லெனார்டு ஷ்லெசிங்கரும் உருவாக்கியது. உடம்பில் சர்க்கரையும் இன்சுலினும் எப்படி மாறுகின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, அதோடு டாக்டரைப் பார்ப்பது, டெஸ்ட், மாத்திரை, செலவு எல்லாவற்றையும் சேர்த்து, கற்பனை நோயாளிகளைக் கணினிக்குள் ஓட்டுகிறார்கள். இல்லாத நோயாளிகளிடமிருந்து வந்த விடையை வைத்து நிஜ நோயாளிகளுக்கு முடிவெடுப்பது சரியா?

பழைய நிரலர்:
மாடல் எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்காதீர்கள், தான் பார்க்காத விடையைச் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள். 2003இல் 18 மருத்துவ ஆய்வுகளைக் கணினிக்குள் மறுபடி நடத்தினார்கள். 74 ஒப்பீடுகளில் 71இல் நிஜ முடிவோடு குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த 18இல் 10 ஆய்வுகளை மாடலைக் கட்டும்போது பயன்படுத்தவே இல்லை, எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். அப்புறம், சில கேள்விகளுக்கு வேறு வழியும் கிடையாது. சர்க்கரை நோய்க்கு எந்த வயதிலிருந்து, எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுப்பது என்று நிஜத்தில் ஆராய 50 வருடம் யார் காத்திருப்பது? 2010இல் இதே மாடலில் 3,25,000 பேரை ஓட்டி, அமெரிக்காவில் 30க்கும் 45க்கும் இடையில் தொடங்கி 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை எடுத்தால் செலவுக்கேற்ற பலன் உண்டு என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இரவுப்பணி:
அது நோய்க்கான சோதனை. ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்பது வேறு கணக்கு, அதற்குப் பெரிய மாடல்கூட வேண்டாம். 1999இல் இங்கிலாந்தின் யார்க் ஆய்வாளர்கள் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியிட்ட சிமுலேஷன், அதாவது கணினியில் ஓட்டிப் பார்த்த கணக்கு, சின்னதுதான்: அவசர நோயாளிகள் ஒரே சீராக வருவதில்லை, அதனால் சராசரியாக 85% படுக்கை நிரம்பியதைத் தாண்டினாலே ஆபத்து தெரிகிறது, 90% ஆனால் இடமில்லாமல் போவது வழக்கமாகிவிடுகிறது. காலிப் படுக்கையை வீண் செலவு என்று வெட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸில் எனக்கு உள்ள குறை, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாட்கள் எளிதாகத் திறந்து பார்க்க முடியாதது. உயிர் சம்பந்தப்பட்ட கணக்கில் இது சின்ன விஷயம் இல்லை.

முகில்வண்ணன்:
நன்றி இருவருக்கும். சரி, பைத்தானில் சிம்பை (SimPy) என்ற சிமுலேஷன் நூலகத்தை வைத்து ஒரே ஒரு வார்டை மட்டும் எழுதிப் பார்க்கலாமா?

இரவுப்பணி:
தாராளமாக. ஒன்று மட்டும், ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களுக்கு எல்லோருக்கும் ஒரே சராசரியைப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வாரக்கணக்கில் தங்கும் சிலர்தான் படுக்கைகளைப் பிடித்து வைத்திருப்பார்கள், அந்தப் பரவலை அப்படியே உள்ளே கொடுங்கள்.